அட்லாண்டிஸுக்கு மூன்று வழி, மாளிகைக்குப் பதினைந்து குழு

ஒரு சாகச கேமின் பெட்டியில் "பல முடிவுகள்" என்று அச்சிட்டிருந்தால், அதை மட்டும் நம்பி இரண்டாம் ஆட்டத்துக்கு உட்கார வேண்டாம். முடிவுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. பத்து மணி நேரக் கதை ஒன்பதே முக்கால் மணி நேரம் ஒரே தண்டவாளத்தில் ஓடிவிட்டுக் கடைசிக் கால் மணியில் மூன்றாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று முடிவுகள் இருக்கின்றன, சரி. கடைசியாகச் சேமித்த நிலையை, அதாவது சேவ் கோப்பை, மூன்று முறை ஏற்றினால் அரை மணியில் மூன்றையும் பார்த்துவிடலாம். அதற்குப் பெயர் மறு ஆட்டம் அல்ல.

பார்க்க வேண்டியவை வேறு. கதை எவ்வளவு சீக்கிரம் பிரிகிறது? பிரிந்த பிறகு எவ்வளவு தூரம் தனித்தனியாக ஓடுகிறது? ஏற்கனவே பார்த்த பகுதியை மறுபடி கடக்க கேம் நம்மிடமிருந்து எவ்வளவு நேரம் பிடுங்குகிறது? இந்த மூன்றிலும் நடுவில் உள்ளதுதான் கனமானது. அதாவது, கதையின் வயிற்றுப் பகுதி மாற வேண்டும். வால் மட்டும் மாறினால் போதாது.

இதற்கு இன்றும் முதல் உதாரணமாகச் சொல்லத்தக்கது 1992-இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி ஃபேட் ஆஃப் அட்லாண்டிஸ். வடிவமைத்தவர்கள் ஹால் பார்வுட், நோவா ஃபால்ஸ்டீன். தொல்லியலாளர் இண்டியானா ஜோன்ஸ், சுருக்கமாக இண்டி, அட்லாண்டிஸைத் தேடிப் போகும் கதை 1939-இல் நடக்கிறது. ஐஸ்லாந்து, டிகால், அசோர்ஸ் என்று அலைந்து, அட்லாண்டிஸுக்கு வழி சொல்லும் பிளேட்டோவின் தொலைந்த உரையாடல் என்ற நூலைக் கண்டெடுத்துக்கொண்டு நியூயார்க்கில், இண்டியின் பழைய சகாவும் இப்போது ஆவிகளோடு பேசுபவளுமான சோஃபியா ஹாப்குட்டிடம் திரும்பி வருவது வரை எல்லோருக்கும் ஒரே கதை. அங்கே மூன்று பாதைகள் திறக்கின்றன. சோஃபியாவைக் கூட்டிக்கொண்டு போகும் டீம், தனியே மூளையை நம்பிப் போகும் விட்ஸ், முஷ்டியை நம்பிப் போகும் ஃபிஸ்ட்ஸ். சோஃபியா ஒரு பாதையைப் பரிந்துரைப்பாள். ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம்.

இந்தத் தேர்வுக்கு கேம் நம்மை முதல் காட்சியிலிருந்தே பழக்குகிறது என்பதுதான் அழகு. தொடக்கத்தில் சோஃபியா பேசும் நாடக அரங்கத்துக்குள் நுழைய வேண்டும். பின்வாசலில் ஒரு தடியன் நிற்கிறான். அவனை அடித்துப் போடலாம், பேசி மசியவைக்கலாம், சந்தில் கிடக்கும் பெட்டிகளை நகர்த்தி அடுக்கி மேலே ஏறியும் போகலாம். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தச் சின்னப் புதிரில் பின்னால் வரப்போகும் மூன்று பாதைகளின் குணமும் அடங்கியிருக்கிறது. ஒரு பூட்டுக்கு மூன்று சாவிகள் செய்யத் தெரிந்தவர்கள் வடிவமைத்த கேம் என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

பிரிந்த பிறகு வித்தியாசம் மேலோட்டமானது அல்ல. மான்டே கார்லோவில் ட்ரோட்டியே என்ற சேகரிப்பாளரிடம் இருந்து, அட்லாண்டிஸின் கதவுகளைத் திறக்கும் கற்களில் ஒன்றான சூரியக் கல்லைப் பெற வேண்டும். டீம் பாதையில் ஆவியழைப்புக் கூட்டம் நடக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, இண்டி பேய் வேடம் போட்டுக்கொண்டு இருட்டில் தோன்றி அவரை நடுங்கவைக்க வேண்டும். விட்ஸ் பாதையில் அதே ஊரில் அதே ஆளை நாஜிகள் கடத்திப் போகிறார்கள். நாம் காரில் துரத்துகிறோம். ஒரே இடம், ஒரே ஆள், ஒரே கல். புதிர் முழுக்க வேறு. அல்ஜியர்ஸில், டீம் பாதையில், கத்தி எறிபவனின் பலகைக்கு முன்னால் சோஃபியாவை நிற்கவைக்க வேண்டியிருக்கும். தனியே போகிறவனுக்கு அந்த வழியே கிடையாது. விட்ஸ் பாதையில் தேராத் தீவில் கிடைத்த பொருட்களைக் கொண்டு ஒரு பலூனை ஒப்பேற்றிப் பறந்து போய் நீர்மூழ்கிக் கப்பலில் இறங்குகிறோம். ஃபிஸ்ட்ஸில் புதிர்கள் எளிது, சண்டைகள் அதிகம்.

எந்த வரிசையில் ஆடலாம் என்றால்: முதலில் டீம், பிறகு விட்ஸ், கடைசியில் ஃபிஸ்ட்ஸ். காரணம் இருக்கிறது. டீம் பாதையில் சோஃபியாவும் இண்டியும் பேசிக்கொள்வதுதான் கேமின் உயிர். கதை ஆட்கள் யார், எது எதற்கு என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் தெளிவாகிறது. விட்ஸ் மூன்றிலும் கடினமானது. ஊர்களையும் ஆட்களையும் ஒருமுறை பார்த்த பிறகு அதில் இறங்கினால் முட்டிக்கொள்வது குறையும். ஃபிஸ்ட்ஸை முதலில் எடுத்தவர்கள் "இவ்வளவுதானா?" என்று நிறுத்திவிடுவதற்கு வாய்ப்பு அதிகம். மூன்றில் அதுதான் மெலிந்தது. கேமின் தரத்தை அதை வைத்து எடைபோட்டால் பாவம்.

ஃபிஸ்ட்ஸுக்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. சண்டைக் கட்டுப்பாடுகள் எண் விசைத் தொகுதியை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. அந்தத் தொகுதியில் உள்ள 0, அதாவது இன்சர்ட், எதிரியை ஒரே அடியில் சாய்க்கும் குறுக்குவழி விசை. நிறைய மடிக்கணினிகளில் அந்தத் தொகுதியே கிடையாது. யுஎஸ்பி எண் விசைத் தொகுதி ஒன்றைச் செருகிவிட்டு ஆடுவது மேல். இல்லையென்றால் சண்டை கடினமாக இருக்கிறதா, விசை கிடைக்காததால் அடி வாங்குகிறோமா என்றே புரியாது.

மூன்று பாதைகளும் அட்லாண்டிஸில் வந்து ஒன்றாகின்றன. கடைசிப் பகுதி எல்லோருக்கும் பொது. இந்த கேமின் மறு ஆட்டத்தில் சோர்வு தட்டும் இடம் இதுதான். வட்ட வட்டமான இருட்டு வளையங்களில் அதே கதவுகளை மூன்றாவது முறையும் திறக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆட்டத்தில் அட்லாண்டிஸ் வாசல் வரை நிதானமாக ஆடுங்கள். அதன் பிறகு வேகமாக ஓட்டலாம். கடைசிப் பகுதியில் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிப் பார்க்கத்தக்க பெரிய விஷயம் சோஃபியாவின் கதி. அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போனால் ஒரு முடிவு, கழுத்தில் தொங்கும், ஆவி குடியிருக்கும் பதக்கத்தின் பிடியிலிருந்து விடுவித்தால் இன்னொரு முடிவு. கடைசி அறையில், மனிதரைக் கடவுளாக்கும் என்று நாஜிகள் நம்பும் இயந்திரத்தின் மேல் யார் ஏறுவது என்பதும் பேச்சில் முடிவாகிறது. அந்தப் பேச்சு தொடங்குவதற்கு முன் ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள்.

சில விஷயங்களை கேம் தானாகவே கலைத்துப் போடுகிறது. சூரியக் கல், சந்திரக் கல், உலகக் கல் மூன்றையும் எந்த நிலையில் திருப்பிவைக்க வேண்டும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு. தொலைந்த உரையாடல் இண்டியின் கல்லூரியில் எங்கே ஒளிந்திருக்கும் என்பதும் அப்படித்தான். போன முறை குறித்துவைத்த தாளைப் பார்த்துத் திருப்பினால் கதவு திறக்காது. பலர் இதை பிழை என்று நினைத்துக் கேமை மறுபடி நிறுவிப் பார்க்கிறார்கள். பிழை அல்ல. இந்த ஆட்டத்தில் கையில் இருக்கும் உரையாடலைத்தான் படிக்க வேண்டும்.

ஐக்யூ புள்ளிகள் என்று ஒன்றும் உண்டு. இந்த ஆட்டத்துக்கு ஒரு கணக்கு, இதுவரை ஆடிய எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்து இன்னொரு கணக்கு. மொத்தம் 1000. ஒரே ஆட்டத்தில் அதைத் தொட முடியாது. வெவ்வேறு பாதைகளும் ஒரே புதிருக்கான மாற்றுத் தீர்வுகளும் சேர்ந்தால்தான் எண்ணிக்கை ஏறும். இந்த மொத்தக் கணக்கு சேவ் ஸ்லாட்டுக்கு வெளியே தனிக் கோப்பில் இருக்கிறது. கணினி மாற்றும்போது சேவ்களை மட்டும் நகலெடுத்துவிட்டு அதை விட்டுவிட்டால் பழைய ஆட்டங்களின் புள்ளிகள் போய்விடும்.

இனி சேவ் விஷயம். பழைய சாகச கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் இலவச மென்பொருளான ஸ்கம்விஎம்மில் ஆடுவதாக இருந்தால் 0-ஆவது ஸ்லாட் தானியங்கி சேவுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் நம்முடையதை வைக்க வேண்டாம். சோஃபியாவிடம் உரையாடலோடு திரும்பி வந்து, அவளிடம் பேசுவதற்கு ஒரு அடி முன்னால் நின்று சேவ் போடுங்கள். பெயரில் "பிரிவுக்கு முன்" என்று எழுதுங்கள். அந்த ஒரு சேவ்தான் இரண்டாம், மூன்றாம் ஆட்டங்களின் வாசல். அதை எந்தக் காரணத்துக்காகவும் அழித்து எழுதக் கூடாது. கோப்பின் பெயர் ஸ்கம்விஎம் அந்த கேமுக்கு வைத்திருக்கும் அடையாளப் பெயரில் தொடங்கும். கேமை நீக்கிவிட்டு வேறு அடையாளப் பெயரில் மறுபடி சேர்த்தால் சேவ் பட்டியல் காலியாகக் காட்டும். கோப்புகள் எங்கும் போயிருக்காது. அடையாளப் பெயரைப் பழையபடி மாற்றினால் திரும்ப வந்துவிடும்.

பார்த்த காட்சியைத் தாண்ட எஸ்கேப், ஒரு வரி வசனத்தைத் தாண்ட முற்றுப்புள்ளி விசை. ஸ்கம்விஎம்மில் கன்ட்ரோலோடு எஃப் அழுத்தினால் எல்லாமே வேகமாக ஓடும். நீளமான நடைகளுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் பாதை பிரிந்த பிறகு வசனத்தைத் தாண்டும் விசையில் கை பழகிப்போய்ப் புது வசனங்களையும் தட்டிவிட்டுவிடுவோம். பிரிவைத் தாண்டியதும் அந்த விரலை எடுத்துவிடுங்கள்.

இதே நிறுவனம், லூகாஸ்ஃபில்ம் கேம்ஸ் என்று இருந்த காலத்தில், 1987-இல் ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் செய்த மேனியாக் மேன்ஷன் வேறொரு கணக்கில் போனது. அங்கே பாதையைத் தேர்வதில்லை, ஆட்களைத் தேர்கிறோம். கடத்தப்பட்ட காதலியை மாளிகையிலிருந்து மீட்கப் போகும் டேவ் கட்டாயம். மீதி ஆறு பேரில் இரண்டு பேர். ஆறில் இரண்டு என்றால் 15 சேர்க்கைகள். பெர்னார்டுக்குக் கருவிகளைப் பழுதுபார்க்கத் தெரியும். ஜெஃப் தொலைபேசியைச் சரிசெய்வான், அதோடு சரி. சிட், ரேஸர் இருவரும் இசைக்காரர்கள். மைக்கேல் ஃபிலிம் கழுவுவான். வெண்டிக்கு எழுத்து வேலை கைவந்தது. யார் கூட வருகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும். வெண்டி இருந்தால், மாளிகையில் இருப்பவர்களை ஆட்டிவைக்கும் தீய விண்கல்லின் சுயசரிதையைத் திருத்திப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம். பெர்னார்ட் இருந்தால் ரேடியோவைச் சரிசெய்து விண்கல் போலீஸைக் கூப்பிடலாம்.

பதினைந்தையும் ஆட வேண்டியதில்லை. மூன்று ஆட்டங்களில் ஆறு பேரையும் பார்த்துவிடலாம்: பெர்னார்டும் வெண்டியும், ரேஸரும் மைக்கேலும், சிட்டும் ஜெஃப்பும். முதல் இணை எளிது, கடைசி இணை கஷ்டம். சிட்டையும் ரேஸரையும் ஒரே குழுவில் போடுவது வீண். இருவருக்கும் ஒரே திறமை.

ஆனால் 1987-இன் கேம் இது. தப்புக்கு இடம் கொடுக்கும், ஆனால் சொல்லாது. நீச்சல் குளத்துத் தண்ணீரை வடித்துவிட்டு நேரத்தோடு மறுபடி நிரப்பாவிட்டால் அணு உலை சூடேறி மாளிகையே வெடிக்கும். கடித உறையைக் கையால் கிழித்துத் திறந்தால் பின்னால் அந்த உறை தேவைப்படும்போது கையில் இருக்காது. ஆட்கள் செத்தும் போவார்கள், மற்றவர்களை வைத்துக் கதை தொடரும், ஆனால் செத்தவரின் திறமை தேவைப்படும் தீர்வுகள் மூடிவிடும். ஆகவே, மூன்று சேவ்களை மாற்றி மாற்றி எழுதாமல், ஒவ்வொரு பெரிய செயலுக்கு முன்னும் புது ஸ்லாட் எடுங்கள். அரை மணி பின்னால் போவது வேறு, முதலிலிருந்து தொடங்குவது வேறு. இதன் தொடர்ச்சியாக 1993-இல் வந்த டே ஆஃப் தி டென்டக்கிள் உள்ளே ஒரு கணினியில் மேனியாக் மேன்ஷன் முழுசாகவே கிடைக்கும் என்பது தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தொடர்ச்சி, புதிர்களில் மேலும் நேர்த்தியானது, ஆனால் பாதை ஒன்றுதான். இரண்டையும் அடுத்தடுத்து ஆடினால் எதை விட்டு எதைப் பெற்றார்கள் என்பது புரியும்.

ஏன் எல்லோரும் இப்படிச் செய்வதில்லை? கணக்கு இடம் கொடுக்காது. பத்து இடங்களில் கதையை இரண்டிரண்டாகப் பிரித்து, எங்குமே சேர்க்காவிட்டால் 1024 பாதைகள். ஒவ்வொன்றுக்கும் வசனம், படம், குரல். ஆட்டக்காரர் பார்க்கப்போவது ஒன்றையோ இரண்டையோ. அதனால் பிரித்துப் பிரித்து மறுபடி சேர்ப்பதே வழக்கம். ஆறு நடுவில் ஒரு திட்டில் பிளந்து கொஞ்ச தூரத்தில் ஒன்றாவது போல. 2012-இல் வந்த தி வாக்கிங் டெட் முதல் அத்தியாயத்தில் டக்கையா கார்லியையா என்று இருவரில் ஒருவரைக் காப்பாற்றச் சொல்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் காப்பாற்றப்பட்டவர் யாராக இருந்தாலும் போய்விடுகிறார். அது குறை என்று சொல்ல மாட்டேன். அந்தத் தேர்வு அந்த நொடியில் நம்மை உலுக்குவதற்காக வைக்கப்பட்டது, அதைச் செய்கிறது. ஆனால் இரண்டாம் ஆட்டத்துக்கு அந்தத் தொடரை எடுப்பவர் ஏமாறுவார். அதை ஒருமுறை, முழு மனதோடு ஆடிவிட்டு மூடிவைப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

பாதைகளை எழுதிக் குவிக்காமல் இன்னொரு தந்திரம் செய்தது வெஸ்ட்வுட் 1997-இல் வெளியிட்ட பிளேட் ரன்னர். யார் மனிதர், யார் செயற்கை மனிதர் என்பதைப் புது ஆட்டம் தொடங்கும்போது கேமே சீட்டுக் குலுக்கிப் போடுகிறது. எல்லோருக்கும் அல்ல. சிலர் எப்போதும் ஒன்றேதான், லூசி போன்ற சிலர் மாறுவார்கள். முடிவுகள் 13. இங்கே பலர் செய்யும் தவறு: முதல் காட்சியில் போட்ட சேவை ஏற்றிவிட்டு "எதுவுமே மாறவில்லையே" என்பது. குலுக்கல் சேவுக்குள் பதிந்துவிட்டது, எத்தனை முறை ஏற்றினாலும் அதே சீட்டுதான். இரண்டாம் ஆட்டத்துக்கு மெனுவில் புது ஆட்டம் என்பதைத்தான் அழுத்த வேண்டும்.

இன்னொரு அமைப்பும் பலர் கண்ணில் படுவதில்லை. துப்பறிவாளரான நாயகன் கேமுக்குள் வைத்திருக்கும் கையடக்கக் கருவியின் அமைப்புகளில் அவன் எப்படிப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம்: மரியாதையாக, சாதாரணமாக, கடுகடுப்பாக, தாறுமாறாக, அல்லது ஒவ்வொரு கேள்வியையும் நாமே தேர்வது. முதல் ஆட்டத்தில் நாமே தேர்வது என்று வையுங்கள். இரண்டாவதில் கடுகடுப்பு. சாட்சிகள் சொல்வது மாறும், அதோடு வழக்கு போகும் திசையும். கிறிஸ்டல் ஸ்டீல் என்ற சக துப்பறிவாளரும் நம்மைப் போலவே ஊரில் அலைகிறார். நாம் மையக் கணினியில் ஏற்றும் துப்புகள் அவருக்கும் போகும், அவருடையவை நமக்கும் வரும். ஒரு ஆட்டத்தில் அடிக்கடி ஏற்றுங்கள், இன்னொன்றில் காவல் நிலையப் பக்கமே போகாதீர்கள். ஸ்கம்விஎம் 2019-இல் 2.1.0 பதிப்பிலிருந்து இந்த கேமை ஓட்டுகிறது. மூல வட்டுகள் வைத்திருப்பவர்கள் இன்றைய கணினியிலும் ஆட அதுதான் நல்ல வழி.

அதே 1997-இல் வந்த தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ் இந்த எல்லாக் கணக்கையும் தூக்கி எறிந்தது. 1914 ஜூலை 24, முதல் உலகப் போருக்குச் சில நாட்கள் முன்பு, பாரிஸிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்குப் புறப்படும் ரயில். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பயணிகள் நம்மைக் கேட்காமல் உணவுப் பெட்டிக்குப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் பேசுகிறார்கள். நாம் ஒரே நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். ஆக, கதை ஒன்றுதான், ஆனால் ஒரு ஆட்டத்தில் அதன் சிறு பகுதிதான் காதில் விழும். மறுபடி ஆடுவது என்றால் அதே மாலையில் வேறு இடத்தில் போய் நிற்பது.

சேவ் என்று தனியாக ஒன்று கிடையாது. கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பலாம். ஆனால் கவனம். பின்னால் போய் ஒரு புதுக் காரியம் செய்துவிட்டால் அதற்குப் பிந்தைய நேரம் எல்லாம் அழிந்து புதிதாக எழுதப்படும். முன்பு இருந்த நிலைக்குத் திரும்ப வழியில்லை. தனித்தனி ஆட்டங்களுக்கு, ஸ்லாட்டுகளுக்குப் பதிலாக, வண்ண முட்டைகள் இருக்கின்றன. வேவு பார்ப்பதற்கென்று ஒரு முட்டையை ஒதுக்கிவிடுங்கள். அதில் கதையை முடிக்க முயலவே வேண்டாம். இரவு உணவு நேரத்தில் உணவுப் பெட்டியில் ஒரு மேசைக்கு அருகே உட்காருங்கள், பிறகு திருப்பி வேறொரு மேசை. பயணிகளான அன்னாவும் கிரோனோஸும் தனி ரயில் பெட்டியில் நடத்தும் கச்சேரி கதையின் திருப்பம். கதையை நகர்த்த வேண்டும் என்றால் கச்சேரியை விட்டு எழுந்து வெறிச்சோடிய பெட்டிகளில் நடமாட வேண்டும். கச்சேரியைக் கடைசி வரை கேட்க ஒரு தனி ஆட்டம் வேண்டும். அதற்காகவே ஒதுக்கலாம், அவ்வளவு நன்றாக இருக்கிறது.

மறு ஆட்டத்தையே கதையின் எலும்பாக வைத்தவை ஜப்பானிய கேம்களில் வந்தன. 2009-இல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்த 999-ஐ அவசியம் சொல்ல வேண்டும். ஒன்பது பேர், ஒன்பது மணி நேரம், எண் எழுதிய கதவுகள். கதவின் வழியே போகிறவர்களின் எண்களைக் கூட்டி, ஓரிலக்கம் வரும்வரை மறுபடி கூட்டினால் கதவின் எண் வர வேண்டும். உதாரணமாக 3, 5, 6 எண்காரர்கள்: 14, பிறகு 1-உம் 4-உம் 5. ஐந்தாம் கதவு திறக்கும். எந்தக் கதவில் போகிறோமோ அதன்படி கதையும் மரணமும் மாறும். உண்மையான முடிவைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு முன் இன்னொரு குறிப்பிட்ட முடிவைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் சரியான கதவுகளிலேயே போனாலும் கதை பாதியில் நின்றுவிடும். அது பிழையல்ல, காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் சொன்னால் இனி ஆடப்போகிறவருக்குத் துரோகம்.

எந்தப் பதிப்பு என்பது இங்கே முக்கியம். டிஎஸ் பதிப்பில் ஒவ்வொரு முடிவுக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். படித்த வசனத்தை வேகமாகத் தாண்டலாம், ஆனால் அறைப் புதிர்களை மறுபடி போட்டே ஆக வேண்டும். 2017-இல் தி நோனரி கேம்ஸ் தொகுப்பில் வந்த பதிப்பில் கிளை வரைபடம் இருக்கிறது. வேண்டிய இடத்துக்கு நேரே குதிக்கலாம். நேரம் இல்லாதவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. டிஎஸ்ஸில் ஆடுகிறவர்கள் புதிர் விடைகளை ஒரு தாளில் அறைவாரியாகக் குறித்துவையுங்கள். மூன்றாம் ஆட்டத்தில் அதுவே பொறுமையைக் காப்பாற்றும்.

கிளை வரைபடத்தைப் பெரிய அளவில் எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது 2018-இன் டெட்ராய்ட்: பிகம் ஹியூமன். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் நாம் போன வழி வரைபடமாக விரிகிறது. போகாதவை பூட்டிய கட்டங்களாகத் தெரியும். முதல் ஆட்டத்தில் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிப் போகாதீர்கள். நாயகர்களில் ஒருவனான, துப்பறியும் இயந்திர மனிதன் கானர் செத்தால் சாகட்டும், அவனுக்குப் பதில் இன்னொரு கானர் வருவான், கதை அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் ஆட்டத்தில் இருவகை வேலை இருக்கிறது. ஒரு அத்தியாயத்துக்குள்ளேயே அடங்கும் கட்டங்களைத் திறக்க மட்டும் என்றால், சேவ் ஆகாத முறையில் அந்த அத்தியாயத்தைத் தனியாக ஆடிவிட்டு வெளியே வரலாம். பின்விளைவு உள்ள தேர்வை மாற்ற வேண்டுமானால் அப்படிச் செய்து பயனில்லை. சேவ் ஆகும் முறையில் தொடங்கி, அங்கிருந்து கடைசி வரை இடையிலுள்ள எல்லா அத்தியாயங்களையும் வரிசையாக ஆட வேண்டும். நடுவில் ஒன்றை மாற்றிவிட்டு நேரே கடைசி அத்தியாயத்துக்குத் தாவினால் மாற்றம் அங்கே வந்து சேராது. "முடிவு மாறவே இல்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான். மறு ஆட்டத்தைத் தொடங்க நல்ல இடங்கள் ஆரம்பத்தில்தான் இருக்கின்றன: வீட்டுவேலை செய்யும் இயந்திரப் பெண் காரா புயல் இரவில் அந்த வீட்டைவிட்டு எப்படி வெளியேறுகிறாள் என்பதும், அன்றிரவு எங்கே தங்குகிறாள் என்பதும்.

டிஸ்கோ எலிசியம் (2019) பாதி பாத்திர வளர்ப்பு, பாதி சாகசம். அதில் இரண்டாம் ஆட்டத்தை மாற்றுவது எண்கள். நான்கு பண்புகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 1, கையில் 8 புள்ளிகள், மொத்தம் 12. முதல் ஆட்டத்தில் அறிவு 5, உளம் 4, உடல் 1, கைத்திறன் 2 என்று வைத்திருந்தால் இரண்டாவதில் 1, 2, 5, 4 என்று கவிழ்த்துவிடுங்கள். கொஞ்சம் இங்கே கொஞ்சம் அங்கே என்று மாற்றினால் வித்தியாசமே உறைக்காது. சோதனைக்கு இரண்டு பகடைகளின் கூட்டலோடு திறமையைக் கூட்டி இலக்கோடு ஒப்பிடுகிறார்கள். இலக்கு 12, திறமை 2 என்றால் பகடையில் 10 வர வேண்டும்: 17 விழுக்காடு. திறமை 6 என்றால் 6 போதும்: 72 விழுக்காடு. அந்த நான்கு புள்ளி வித்தியாசத்தில், தலைக்குள் குரல்களாகப் பேசும் 24 திறமைகளில் யார் அதிகம் பேசுவார்கள் என்பதே மாறிவிடும். உடல் 1 வைத்தால் ஆரம்ப அறையில் மின்விசிறியில் சுற்றும் கழுத்துப்பட்டியை எட்டிப் பிடிக்கப் போயே சாகலாம், ஆக அறையைவிட்டு வெளியேறுவதற்குள் ஒரு சேவ். வெள்ளைச் சோதனையில் தோற்றால் அந்தத் திறமையை உயர்த்திவிட்டு மறுபடி முயலலாம், சிவப்பு ஒரே தடவைதான். சிவப்பில் தோற்றதும் பழைய சேவை ஏற்றும் பழக்கத்தை இரண்டாம் ஆட்டத்திலாவது விடுங்கள். தோல்விக்கென்று எழுதப்பட்ட காட்சிகள் பல இடங்களில் வெற்றியைவிடச் சிறந்தவை. தி ஃபைனல் கட் பதிப்பில் சேர்த்த நான்கு அரசியல் தேடல்களில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும். எந்தக் கொள்கை என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

மறு ஆட்டமே கூடாத கேம்களும் உண்டு. அவுட்டர் வைல்ட்ஸில் 22 நிமிடச் சுழற்சியில் நாம் சேர்ப்பது அறிவு மட்டுமே, திறமையோ பொருளோ அல்ல. தெரிந்துவிட்டால் தெரிந்துவிட்டதுதான். ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னில் 60 பேரின் கதியையும் ஒருமுறை கண்டுபிடித்தவருக்கு இரண்டாம் முறை கண்டுபிடிக்க என்ன இருக்கும்? இவற்றைப் பல வருடம் கழித்து, மறந்த பிறகு எடுக்கலாம்.

கடைசியாகச் சேவ் கோப்புகளைக் காப்பாற்றுவது. இன்றைய கேம்கள் பலவற்றில் ஒரே ஒரு தானியங்கி சேவ்தான். இரண்டாம் ஆட்டத்தைத் தொடங்கியதும் முதலாவது அழிந்துபோகும். கன்சோலில் இன்னொரு பயனர் கணக்கைத் திறந்து அதில் ஆடினால் இரண்டும் தனித்தனியாக இருக்கும். கணினியில் இப்படி: கேமை முழுதாக மூடுங்கள். கடையின் மென்பொருளில் அந்த கேமுக்கான கிளவுட் ஒத்திசைவை அணையுங்கள். சேவ் கோப்புறையை முழுசாக வேறு இடத்துக்கு நகலெடுத்துப் பெயரில் தேதியும் பாதையும் எழுதுங்கள், "2-ஆம் ஆட்டம், விட்ஸ், தேரா" என்பது போல. திரும்பக் கொண்டுவரும்போது கிளவுட் அணைந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேம் திறப்பதற்கு முன்பே கிளவுட்டில் உள்ள கோப்பு இறங்கி நாம் வைத்ததை மூடிவிடும். கேமைத் திறந்து, சரியான இடத்தில் நிற்கிறோமா என்று பார்த்து, ஒரு புது சேவ் போட்ட பிறகு கிளவுட்டை மறுபடி போடலாம். எந்தக் கோப்பு வேண்டும் என்று அது கேட்டால், கணினியில் உள்ளது என்று சொல்லுங்கள்.